சூட்டு மூலையில் கமலா மரம்

"ஸ்டேஷன்லயே சொல்லிடறேன். கார்ல வரும்போதே பக்குவமா..."

"வேண்டாங்க. வீட்டுக்கு வரட்டும், நானே..."

"நீ என்ன சொல்லுவே? அப்பா, ராத்திரி பூரா ஜன்னலைத் தொறந்து போட்டேன், மரம் செத்துப்போச்சுன்னா?"

"சாகலை! செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா?"

"இலையைப் பாரு நாரே! வேகவெச்ச கீரை மாதிரி தொங்குது!"

"சரி, நான்தான்! நான்தான் தொறந்து போட்டேன். மூணு நாளா இதையே சொல்றீங்க. போதும், கிளம்புங்க. பத்து நாப்பதுக்கு ரயில் வந்துடும்."

கதவுக்கு இந்தப் பக்கம் மால்சூன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அறுபத்தெட்டு வயதில் அவள் உரிக்காத பூண்டா? ஆனால் இன்று ஒரே பல்லைக் கால் மணி நேரமாகக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியே சண்டை போடுவது மகனும் மருமகளும். சண்டைக்குக் காரணமான மரம் அவள் எதிரில் இருந்தது.

கமலா ஆரஞ்சு மரம். இடுப்புயரம். மண் தொட்டியைச் சுற்றிப் பஞ்சு மெத்தை போர்த்தியிருந்தது. அறையிலேயே தரை அதிகம் சுடுகிற மூலையில், தரைக்கடியில் வெந்நீர் ஓடும் பாய்லர் குழாய் முதலில் வந்து சேருகிற இடத்தில், விருந்தாளியை உட்கார வைப்பது போல அதை உட்கார வைத்திருந்தாள் மால்சூன்.

ஜன்னலைத் திறந்தவளும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகன் கியூசோக்கும் மருமகள் நாரேயும் நண்பன் வீட்டுக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் யாரும் இல்லை. மால்சூனுக்கு இரண்டு மாதமாக நாக்கு ஒன்றுக்காகத் தவித்தது. சொங்குக்ஜாங். வைக்கோலில் சுற்றிப் புளிக்கவைத்த சோயாவில் வைக்கிற குழம்பு. கொதித்தால் மூன்று வீட்டுக்கு வாடை அடிக்கும். ஈரக் காலுறையைத் தீயில் காட்டினது மாதிரி என்பான் கியூசோக். பழகின நாக்குக்கோ அது இல்லாத குளிர்காலம் குளிர்காலமே இல்லை.

நாரே முன்னறையில் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறாள். டிசம்பரில் மால்சூன் ஒரு நாள் அந்தக் குழம்பை வைத்தபோது, ஒரு குழந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியது. அதன் அம்மா தொலைபேசியில் கத்தினாள். அன்றைக்குத்தான் கியூசோக் சொன்னான்: "இன்னொரு தடவை அதை வைக்கணும்னா, அம்மா, உங்க வீட்டுக்கே போய் வெச்சுக்குங்க."

கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் முட்டி அறுவை ஆகி நாலாவது மாதம் நடக்கும்போது, பாய்லர் செத்த தன் பழைய வீட்டுக்கு, பக்கெட் தூக்கக்கூட ஆள் இல்லாத வீட்டுக்குப் போ என்று மகன் சொல்லிவிட்டால், அது காதை விட்டு இறங்குமா?

அதனால் திருட்டுத்தனமாக வைத்தாள். திருட்டுத்தனமாகச் சாப்பிட்டாள். வாடை போக வீட்டு ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டாள். அவர்கள் வரும் நேரத்துக்கு எல்லாவற்றையும் சாத்தினாள். பால்கனியில் காயப்போட்ட படுக்கை விரிப்புக்குப் பின்னால் இருந்த ஒரு ஜன்னல் மட்டும் கண்ணில் படவில்லை. சரியாக அதன் கீழேதான் மரம்.

அன்றைக்கு ராத்திரி மைனஸ் பத்தொன்பது.

விடிகாலையில் தண்ணீர் குடிக்க எழுந்தவள் பார்த்தாள். இலைகள் கண்ணாடி மாதிரி விறைத்திருந்தன. யாரும் எழுந்திருக்குமுன் தொட்டியைப் போர்வை மேல் ஏற்றி, தரையில் உட்கார்ந்தபடியே இழுத்து இழுத்து, தன் அறைச் சூட்டு மூலைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். மெத்தையைச் சுற்றினாள். சூட்டை முழுசாக ஏற்றினாள். குளிரில் வந்தவர் யாராக இருந்தாலும் அவள் அம்மா செய்தது அதுதான். அவள் செய்ததும் அதுதான்.

கியூசோக் எழுந்து வந்து அந்த ஜன்னலைப் பார்த்தான். விரிப்பைக் காயப்போட்டவள் நாரே. "ஆபரேஷன் பண்ணின முட்டியோட எங்கம்மா இழுத்துட்டு வந்து காப்பாத்தறாங்க. நீ தொறந்து போட்டுட்டுத் தூங்கறே!" என்றான்.

நாரே ஜன்னலைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். மாமியாரை ஒரு தரம் பார்த்தாள்.

"நான்தான் மறந்திருப்பேன்," என்றாள்.

மால்சூன் வாயைத் திறக்கவில்லை. திங்கள் போய், செவ்வாய் போய், புதனும் போய்விட்டது. திறக்கத் திறக்க வாய் கனத்தது.

*

கியூசோக்கின் கார் கிளம்பிய சத்தம் கேட்டது. நாரே கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். அடுப்படி ஈரம் கையில் இருந்தது.

"அத்தை, பூண்டு ஆச்சா?"

"ஆகுதும்மா."

நாரே குனிந்து இரண்டு பூண்டுப் பல்லை எண்ணிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "பாதி உரிச்சிட்டீங்க போலிருக்கே."

"கண்ணு சரியாத் தெரியலைடி."

"வெள்ளையா இருக்கறதுதான் அத்தை பூண்டு."

மால்சூனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது. இந்தப் பெண் தன்னோடு விளையாடிப் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் இந்த மூன்று நாளாக முள்ளாகக் குத்தியது.

நாரே மரத்தின் முன் குந்தினாள். ஓர் இலையைப் பிடித்து இழுத்தாள். இலை பழுப்பாகச் சுருண்டிருந்தது, ஆனாலும் வரவில்லை.

"பாருங்க அத்தை, ஒண்ணுகூட உதிரலை. கெட்டியாப் பிடிச்சிருக்கு. உயிர் இருந்தாத்தானே பிடிச்சிருக்கும்?"

"ஆமாம்மா. உயிர் இருந்தாத்தான் பிடிக்கும்," என்றாள் மால்சூன். அவளுக்குத் தெரியாது. தெரிந்தது மாதிரி சொன்னாள்.

"அப்பா ஒரு மாசமா நாள் எண்ணிக்கிட்டிருக்கார். குத்தகைத் தோட்டத்தைச் சொந்தக்காரங்க திருப்பி வாங்கிட்டாங்கல்ல, போன இலையுதிர் காலத்துல? மரத்தையெல்லாம் வெட்டும்போது பக்கத்துலயே நின்னாராம். அழலையாம். அந்த ரகம்தான் எம்பொண்ணு வீட்ல ஒண்ணு இருக்கேன்னு சொன்னாராம்."

அது மால்சூனுக்கும் தெரிந்த கதை. ஜேஜு தீவில் அவர்கள் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில், ஆயிரம் கிளைக்கு நடுவே ஒரே ஒரு கிளை, மற்றதெல்லாம் காயாக இருக்கும்போது பழுத்து, விதையில்லாமல், தேனாக இனித்ததை முதலில் கவனித்தவள் நாரேயின் அம்மா. தலையில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து அந்தக் கிளையில் கட்டிவிட்டு வந்தாளாம். அதிலிருந்து ஒட்டுக் கட்டினதுதான் எல்லாம். அவள் போய் ஆறு வருஷம். தோட்டமும் போனது. புதிதாக வாங்கின சின்ன நிலத்தில் முள்ளுச் செடி நட்டு, இந்த வசந்தத்தில் அவற்றின் மேல் ஒட்ட, இந்த மரத்திலிருந்து குச்சி வெட்டிக்கொண்டு போகத்தான் சம்பந்தி இன்று வருகிறார்.

வேறெங்கும் அந்த ரகம் இல்லை.

"நாரே..."

"ம்?"

"அன்னிக்கு ராத்திரி, நீங்க ரெண்டு பேரும் பிறந்தநாளுக்குப் போனப்போ..."

"அத்தை, கடற்பாசி சூப் கொதிக்குது." நாரே சட்டென்று எழுந்தாள். "உப்பு நீங்க பாக்கறீங்களா? உங்க கை உப்புதான் அப்பாவுக்குப் பிடிக்கும்."

"பாக்கறேன். ஆனா நான் சொல்ல வந்தது..."

"முதல்ல உப்பு!"

அடுப்படியில் மால்சூன் கொதிக்கும் சூப்பின் முன் நின்றாள். கையில் உப்பு டப்பா. எதிரே பாத்திரத் தட்டில், கவிழ்த்து வைத்த சிறிய மண் சட்டி. அந்தக் குழம்பு வைத்த சட்டி. இதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் அல்லவா ஒளித்தேன்? எப்போது எடுத்துக் கழுவினேன்? பதற்றத்தில் நானே கழுவிவிட்டேனா?

வாசலில் அழைப்பு மணி அடித்தது. உப்பு டப்பாவை அப்படியே கீழே வைத்தாள்.

*

நாரேயின் அப்பா கோ தேசிக் குள்ளமான மனிதர். காது இரண்டும் குளிரில் சிவந்திருந்தன. கழுத்துத் துண்டை அவிழ்க்காமலே வாசலில் குனிந்து வணங்கினார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் உப்பிட்டுக் காயவைத்த மீன், தாளில் சுற்றி.

"சம்பந்தியம்மா, முட்டி எப்படி இருக்கு?"

"நடக்குது சம்பந்தி. வாங்க, வாங்க. காதெல்லாம் இப்படிச் சிவந்திருக்கே!"

"ஸ்டேஷன் வாசல்ல கொஞ்ச நேரம் நின்னேன். உங்க ஊர்க் காத்து நல்லாப் பழகிச்சு."

கொஞ்ச நேரமா? மால்சூன் கடிகாரத்தைப் பார்த்தாள். முக்கால் மணி நேரமாவது நின்றிருப்பார். கியூசோக் ஷூவைக் கழற்றுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான். வழியில் எங்கேயோ காரைக் கழுவ நிறுத்தினவன் முகம் அது.

"நான்தான்ப்பா," என்றாள் நாரே. "அவர்கிட்ட ரயில் நேரத்தைத் தப்பாச் சொல்லிட்டேன்."

பத்து நாப்பது என்று காலையில் அவள் சொன்னதைக் கதவுக்குப் பின்னாலிருந்து மால்சூன் கேட்டிருந்தாள். பெரியவர் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பரவாயில்லை. விமானம் ஏறும்போதுதான் தமாஷ். ஒட்டுக் கத்தி வெச்சிருக்கேனா, பெட்டியைத் தொறக்கச் சொன்னாங்க. எதுக்கய்யா கத்தின்னு அந்தப் பையன் கேட்டான். பொண்ணு பாக்கப் போறேன்னு சொன்னேன். உங்களுக்கான்னான். இல்லப்பா, எங்க ஊர்ல முப்பது முள்ளுச்செடி கல்யாணத்துக்கு நிக்குது, அதுங்களுக்குன்னேன்!"

யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரித்து, அவரே நிறுத்தினார்.

"எங்க அவ? பால்கனியில காணோமே?"

"முதல்ல சாப்பிடுங்க மாமா," என்றான் கியூசோக்.

"பார்த்துட்டுச் சாப்பிடறேன் மாப்பிள்ளை."

"சூப் ஆறிடும்ப்பா."

"ஆமா சம்பந்தி, சூப் ஆறிடும்," என்றாள் மால்சூனும். சூப்பைச் சாக்காகப் பிடித்துக்கொண்டு மூவரும் ஒரே குரலில் நின்றார்கள். பெரியவர் மூன்று முகத்தையும் பார்த்துவிட்டு, மேஜையில் போய் உட்கார்ந்தார்.

சாப்பாடு இறங்கவில்லை. கிம்ச்சி ஊறுகாய் கடிபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"சூப்புல உப்பே இல்லை," என்றான் கியூசோக், கரண்டியை வைத்துவிட்டு.

மால்சூன் யோசித்துப் பார்த்தாள். உப்பு டப்பாவைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. போட்டது ஞாபகம் இல்லை.

"நான்தான், மறந்துட்டேன்," என்றாள் நாரே. எழுந்து போய் உப்பைக் கொண்டுவந்தாள்.

இதற்காவது வாயைத் திறந்திருக்கலாம். ஒரு சிட்டிகை உப்பு. அதற்குக்கூட வாய் வரவில்லையே என்று மால்சூன் சோற்றைப் பார்த்தபடி இருந்தாள். எதிரே சம்பந்தியின் கரண்டி சூப்புக்கும் வாய்க்கும் நடுவே நின்றிருந்தது. அவர் மகளைப் பார்க்கவில்லை. மகள் கொண்டுவந்து வைத்த உப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

மரத்தை அவர் தொடவில்லை. முதலில் எதிரே உட்கார்ந்து பார்த்தார். அந்தச் சிறிய அறையில் நாலு பேருக்கு இடம் போதாது. கியூசோக் நிலைப்படியில் நின்றான்.

"என்னிக்கு?" என்றார்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரிப்பா. ஜன்னல்... நான்தான் தொறந்து போட்டுட்டேன்."

"எவ்வளவு?"

"ஒரு முழம்."

"குளிரு?"

"மைனஸ் பத்தொன்பது."

அவர் ஓர் இலையைச் சுண்டினார். "உதிரலை," என்றார்.

"உதிரலைப்பா!" நாரேயின் குரலில் நம்பிக்கை ஏறியது. "ஒண்ணுகூட உதிரலை."

"உதிர்ந்திருந்தாத்தாம்மா நல்லது. இலையை உதறித் தள்றதுக்கு மரத்துக்குத் தெம்பு வேணும். காய்ஞ்சு அப்படியே தொங்கினா, அந்தக் கிளையில உதற ஆள் இல்லைன்னு அர்த்தம்."

நாரே மால்சூனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காதது இன்னும் சுட்டது.

அவர் கத்தியை எடுத்தார். தந்தப் பிடி போட்ட சின்னக் கத்தி. நுனிக் கிளையில் பட்டையைச் சுரண்டினார். பழுப்பு. கொஞ்சம் கீழே. பழுப்பு. அதற்கும் கீழே. பழுப்பு. ஒவ்வொரு முறையும் நுனியைத் துண்டில் துடைத்துக்கொண்டார். நடுத் தண்டு வரை வந்து மூச்சு வாங்கினார்.

பிறகு மெத்தையை விலக்கி, தொட்டி மண்ணில் விரலை விட்டார். விரலை வெளியே எடுக்கவில்லை. அவர் முகம் மாறுவதை மால்சூன் பார்த்தாள்.

"இதைப் பனி பண்ணலை," என்றார் மெதுவாக. "பனி மேல் கிளையைத்தான் தின்னிருக்கும். தண்டு தாங்கும். மண்ணு அடுப்புச் சாம்பல் மாதிரி இருக்கு. யாரு இதைச் சூட்டு மூலையில வெச்சது?"

தரைக்கடியில் வெந்நீர் ஓடும் மெல்லிய சத்தம் கேட்டது.

"விறைச்சு வர்ற மனுஷனைத்தான் இங்க உக்கார வைப்போம். மரத்தை இருட்டுல, குளிர்ச்சியான இடத்துல விட்டு, மெள்ள மெள்ள எழுப்பணும். மேலே பனி, கீழே அடுப்பு. வேர் எங்க ஓடும்? தொட்டியை விட்டு ஓட முடியுமா அதால? மூணு நாளு, அம்மாடி! மூணு நாளு வேரை வேகவெச்சிருக்கே!"

"நான்தான்ப்பா," என்றாள் நாரே. "தெரியாம வெச்சுட்டேன்."

நிலைப்படியில் கியூசோக் தலையை நிமிர்த்தினான். அம்மாதான் இழுத்து வந்தாள் என்பது அவனுக்குத் தெரியும். மூன்று நாளாக அவன் வாயால் புகழ்ந்ததே அதைத்தான். அவன் உதடு பிரிந்தது. அம்மாவைப் பார்த்தான். உதடு மூடிக்கொண்டது.

பெரியவர் அதையும் பார்த்தார்.

ஆனால் அவர் செய்தது வேறு. கத்தியை மடக்கினார். முழங்காலில் நின்றபடி மால்சூனின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, நெற்றி தரையைத் தொடுமளவு குனிந்தார்.

"சம்பந்தியம்மா, மன்னிக்கணும்."

"ஐயோ! சம்பந்தி, என்ன இது? எழுந்திருங்க!"

"பொண்ணை வளர்த்தவன் நான். தாயில்லாம நாலு விஷயம் சொல்லிக்குடுக்க விட்டுப்போச்சு. ஒரு ஜன்னலைச் சாத்தத் தெரியலை, ஒரு செடியைப் பாத்துக்கத் தெரியலை. இவளை வெச்சுக்கிட்டு நீங்க எவ்வளவு பொறுத்துப் போறீங்களோ. எனக்கு முகத்தைத் தூக்க முடியலை."

அப்படி ஒருவர் குனிந்தால் எதிரே இருப்பவரும் குனிய வேண்டும். மால்சூன் குனியப் பார்த்தாள். அறுத்த முட்டி மடங்கவில்லை. கால் நேராக நீண்டபடி, பாதம் அவர் தலையைப் பார்த்து நின்றது. இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். வரவில்லை. இந்த மனிதர் என் பாதத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறார், நான் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தபோது, காதிலிருந்து கழுத்து வரை கொதித்தது.

"பரவாயில்லை சம்பந்தி," என்றது அவள் வாய். அவள் சொல்லவில்லை. வாய் சொன்னது.

நாரேயின் கன்னத்தில் நீர் இறங்கி, தாடையில் நின்றது. அவள் துடைக்கவில்லை.

பெரியவர் எழுந்து, மறுபடி மரத்திடம் போனார். அடித்தண்டில், புடைத்துப் போன ஓர் இடத்தை விரலால் தடவினார். "இது ஒட்டுக் கட்டின இடம். இதுக்குக் கீழே முள்ளுச்செடி. மேலே அவ." கத்தியைத் திறந்து கீழே சுரண்டினார். பளிச்சென்று பச்சை. நாரே மூச்சை இழுத்தாள்.

"சந்தோஷப்படாதே. அது முள்ளோட உயிரு."

புடைப்புக்கு மேல், இரண்டு விரல் உயரத்தில், முடி அளவுக்கு ஒரு கீறல் போட்டார். கண்ணை அருகில் கொண்டுபோனார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்.

"இருக்கு. கொஞ்சம். கீரைத் தண்டு நிறத்துல ஒரு நூல். வெட்டிக்கிட்டுப் போக ஒண்ணும் இல்லை. வேர் பாதி தப்பியிருந்தா, ஏப்ரல்ல ஒரு முளை இந்த நூல்லேர்ந்து வரும். வராமலும் போகும்."

கத்தியைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டார். வெட்டாமலே திரும்பிப் போகிற கத்தி.

"மாப்பிள்ளை, ஒரு கை பிடிங்க."

ஆண்கள் இருவரும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் நடையில், ஷூ அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அங்கே தரைச்சூடு வராது. வெளிக்காற்றும் உறைய வைக்காது. மால்சூன் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தாள்.

"சம்பந்தியம்மா," என்றார் அவர். "இதை நாரேகிட்ட விட மாட்டேன். உங்ககிட்ட விடறேன்."

"என்கிட்டயா?"

"இந்த வீட்ல நிதானமான ஆள் நீங்கதான். கேளுங்க. வெயில் வேண்டாம். விரலை ரெண்டு கணு மண்ணுக்குள்ள விட்டு, காய்ஞ்சிருந்தா மட்டும் ஒரு டம்ளர் தண்ணி. உரம் கிரம் போட்டுடாதீங்க. எதையும் வெட்டாதீங்க, எது செத்தது எது இருக்கறதுன்னு அதுவே காட்டும். முக்கியமா ஒண்ணு. புடைப்புக்குக் கீழேருந்து ஒரு முளை சீக்கிரமா வரும். ஜோரா, பச்சையா, முள்ளோட. பார்த்து ஏமாந்துடாதீங்க. அது உயிர் வந்த மாதிரியேதான் இருக்கும். கிள்ளிப் போட்டுடுங்க. அதை விட்டா, மேலே இருக்கற கொஞ்சத்தையும் அது குடிச்சிடும். கீழே வர்றது பொய். மேலே வந்தாத்தான் நிஜம்."

மால்சூன் மரத்தைப் பார்த்தாள். ஷூக்களுக்கு நடுவே, தண்டனை பெற்ற பிள்ளை மாதிரி அது நின்றது.

"உங்களை நம்பித்தான் போறேன்," என்றார் அவர்.

"நான் சொங்குக்ஜாங் சாப்பிட்டேன்," என்றாள் மால்சூன்.

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"அம்மா?" என்றான் கியூசோக். "இப்போ என்ன சாப்பாட்டுப் பேச்சு?"

"ஞாயித்துக்கிழமை. நீங்க போனதும் வெச்சேன். நீ வேண்டாம்னு சொன்ன அதே குழம்பு. ஒரு சட்டி பூரா நானே தின்னேன், நின்னுக்கிட்டே, அடுப்புப் பக்கத்துலயே. நாய் மாதிரி."

"அம்மா, மாமா முன்னாடி..."

"அவர் முன்னாடிதான் சொல்லணும். வாடை போகணும்னு ஜன்னலையெல்லாம் தொறந்தேன். ஒண்ணைச் சாத்த மறந்துட்டேன். விரிப்புக்குப் பின்னாடி இருந்தது தெரியலை." அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இன்னொரு தடவை வராது என்று தெரியும். "சூட்டு மூலையில வெச்சதும் நான்தான் சம்பந்தி. மெத்தையைப் போத்தினதும் நான்தான். சூப்புல உப்புப் போடாததும் நான்தான். உங்க பொண்ணு ஒண்ணுமே பண்ணலை. நீங்க என் காலைப் பார்த்துக் குனிஞ்சீங்க. நான் பரவாயில்லைன்னு சொன்னேன்."

கியூசோக்கின் முகம் வெளுத்துப்போனது. "நீங்களா?" என்றான். பிறகு மனைவியிடம் திரும்பினான். "நாரே, நான் மூணு நாளா உன்னை..."

"எனக்குத் தெரியும் அத்தை," என்றாள் நாரே. அவள் குரல் தணிந்திருந்தது. "சட்டியைத் தாள்ல சுத்தி அரிசி டின்னுக்குப் பின்னாடி வெச்சிருந்தீங்க. திங்கட்கிழமை காலையில அரிசி எடுக்கும்போது பார்த்தேன். இவர் கண்ல படறதுக்கு முன்னாடி நான்தான் எடுத்து..."

மறுபடியும் அதே 'நான்தான்' வாயில் வந்ததும் அவள் நிறுத்திக்கொண்டாள்.

"தெரிஞ்சா ஏன் சொல்லலை?" என்றான் கியூசோக். "என்கிட்டயாவது?"

நாரே அவனைப் பார்த்தாள். கீழே குனிந்து, அப்பாவுக்கென்று அன்று காலை அவள் எடுத்து வைத்த செருப்பை நேராக்கினாள். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

மால்சூன் சுவரில் சாய்ந்து, சம்பந்தியின் கோபத்துக்காகக் காத்திருந்தாள். திட்டட்டும். மூன்று நாளாக நாரே வாங்கினதில் பாதியாவது நான் வாங்குகிறேன். தோட்டம் போச்சு, பெண்டாட்டியின் மரமும் போச்சு என்று கத்தட்டும்.

கோ தேசிக் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மருமகனையும் பார்க்கவில்லை. கழுத்துத் துண்டை அவிழ்த்தார். ரயிலில் இருந்து இறங்கியதிலிருந்து அவிழ்க்காத துண்டு. அதை மடித்து ஷூ அலமாரி மேல் வைத்தார். இன்று போகிற எண்ணம் அவருக்கு இல்லை போலிருந்தது. பிறகு குனிந்திருந்த மகளின் உச்சந்தலையைப் பார்த்து, அவள் காதுக்கு மட்டும் சொல்வது போல, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படியாகக் கேட்டார்:

"நாரே, கல்யாணமாகி வந்த இந்த நாலு வருஷத்துல, இன்னும் எதுக்கெல்லாம் நீ 'நான்தான்'னு சொல்லியிருக்கே?"